வாட்ஸ்அப்பா, முகநூலா, டிக்டாக்கா? சுங்கை சிப்புட் சிறு வியாபாரிக்கு எது ஆளைக் கொண்டுவரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் ஒருவர் வீட்டிலிருந்தே பலகாரமோ தையலோ தொடங்கினால், அல்லது பெக்கானில், அதாவது டவுனில், சின்னதாக ஒரு கடை எடுத்தால், முதல் வாரத்திலேயே யோசனைகள் வந்து குவியும். மகன் டிக்டாக் திறக்கச் சொல்வான். நாத்தனார் முகநூல் பக்கம்தான் சரி என்பார். கோயிலில் பார்க்கும் தம்பி, "கொஞ்சம் காசு போட்டு பூஸ்ட் பண்ணுங்கக்கா, ஆளு தானா வரும்" என்பார். மூன்றையும் ஒரே மூச்சில் தொடங்கி, தீபாவளி முடிந்ததும் மூன்றையும் கைவிட்டவர்கள் இங்கே நிறைய. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்த ஆர்டர் எங்கிருந்து வந்தது, எதற்குப் போட்ட காசு திரும்பவே இல்லை என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களில் தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செயலியில் கூட்டம் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் விற்பது எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் பாருங்கள். ரவிக்கை தைக்க அளவு கொடுக்க ஆள் நேரில் வரவேண்டும். அந்தத் தொழிலின் எல்லை இந்தப் பக்கம் சாலாக், அந்தப் பக்கம் செம்மோர், மிஞ்சிப்போனால் ஈப்போ. முறுக்கு பெட்டியில் ஏறினால் ஜொகூர் பாரு வரை போகும். ஏர்கோன் பழுது பார்க்கிறவர் தன் வேன் அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் இடம்வரைதான் வேலை எடுப்பார். இந்த மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

இதோடு ஊரின் நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எல்பில், ஹீவுட், டவன்பி என்று தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் இன்னும் ஆளை அடையாளம் காட்டுகிறோம். ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகு லயத்துக் குடும்பங்கள் பல தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். ஆக, ஊரில் இருக்கிற வாடிக்கையாளர் ஒரு வகை. ஊரைவிட்டுப் போயும் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஊர்ப் பலகாரத்தைத் தேடுகிறவர் இன்னொரு வகை. முதல் வகையைப் பிடிக்கிற வழி இரண்டாம் வகைக்கு உதவாது. இரண்டையும் போட்டுக் குழப்பிச் செய்யும் விளம்பரத்தில்தான் காசு கரைகிறது.

வாட்ஸ்அப்: தெரிந்தவர் சொல்லி வருகிறவர்

தோட்டத்து ஊரில் நம்பிக்கை ஆள் மூலமாகத்தான் நடந்து போகும். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, இதே ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசித்தான் பங்கு சேர்த்தார். இன்றைக்கும் கல்யாணச் சமையலுக்கு ஆர்டர் கொடுக்கிறவர், "இதுக்கு முன்னால யாரு வீட்டு விசேஷத்துக்குச் செஞ்சாங்க?" என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழு, தாமான் குழு, குடும்பக் குழு என்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நாலைந்தாவது இருக்கும். யாராவது ஒருவர் "நல்ல பிளவுஸ் தைக்கிறவங்க இருக்காங்களா?" என்று கேட்டால், பத்து நிமிடத்தில் இரண்டு எண்கள் வந்து விழும். அந்த இரண்டில் உங்கள் எண் ஒன்றாக இருக்கவேண்டும். உள்ளூர் வியாபாரத்தில் பாதிப் போராட்டம் அதுதான்.

இதற்குச் சாதாரண வாட்ஸ்அப்பைவிட வாட்ஸ்அப் பிசினஸ் மேல். அதுவும் இலவசம்தான். கடையின் பெயர், திறந்திருக்கும் நேரம், இடம் எல்லாம் முகப்பிலேயே தெரியும். கேட்டலாக் பகுதியில் ஒவ்வொரு பொருளையும் படம், விலையோடு அடுக்கிவைக்கலாம். "ஆரி வேலைக்கு எவ்வளவு?", "எத்தனை நாள் ஆகும்?" என்று தினம் வரும் கேள்விகளுக்கான பதிலை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் பிறகு ஒரு தட்டில் அனுப்பலாம். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கிறவருக்குக் காலையில் பதில் வரும் என்று செயலியே சொல்லிவிடும். முன்பணம் கொடுத்தவர், வேலை முடிந்தும் எடுக்க வராதவர் என்று லேபிள் ஒட்டிப் பிரித்துவைக்கும் வசதி தையல்காரர்களுக்கு மிகவும் பயன்படும். தீபாவளிக்கு முந்தின வாரம் யாருடைய துணி எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வீட்டு எண்ணும் கடை எண்ணும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரு பிரிபேய்ட் சிம் வாங்கினால் போதும், இரண்டு செயலியும் ஒரே கைப்பேசியில் ஓடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியலைப் பற்றிப் பலருக்கும் ஒரு விஷயம் தெரிவதில்லை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். எங்கிருந்தோ எண்களைத் திரட்டி அனுப்பினால் எதுவும் நடக்காது. கேட்காமலேயே ஆட்களைக் குழுவில் சேர்த்தால் அவர்கள் உங்களைத் தடை செய்வார்கள், புகார் கொடுப்பார்கள். புகார்கள் கூடினால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடும். ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும்போதே, "என் நம்பரை சேவ் பண்ணிக்கங்க அக்கா, வாராவாரம் என்ன இருக்குன்னு அனுப்புறேன்" என்று சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் இதைப் போடுங்கள். இப்படிச் சேரும் அறுபது பேர், முகநூலில் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போகும் அறுநூறு பேரைவிட மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வாங்கிச் சாப்பிட்டவர்கள், தைத்து உடுத்தியவர்கள்.

எழுத்தைவிடக் குரலுக்கு இங்கே மதிப்பு அதிகம். வயதான அம்மாக்கள் பலர் நீண்ட செய்தியைப் படிக்கமாட்டார்கள். "அம்மா, இந்த வாரம் அதிரசம் போட்டிருக்கேன், வேணும்னா சொல்லுங்க" என்று இருபது விநாடி குரல்பதிவு அனுப்பினால் கேட்பார்கள், பதிலும் சொல்வார்கள். செம்பனைக்கு நடுவே அலைவரிசை பலவீனமாக இருக்கும் வீடுகளுக்கும் வீடியோவைவிடக் குரல்பதிவு சீக்கிரம் போய்ச் சேரும்.

எப்போது அனுப்புவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் கொடுத்தாகவேண்டும். அதனால் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் வீடுகளில் காசு புழங்குவது மாதத்தின் முதல் வாரத்தில். என்னிடம் வரும் புத்தகங்களிலும் விற்பனை அந்த வாரத்தில்தான் ஏறுகிறது. இருபத்தைந்தாம் தேதி அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை என்றால் பொருளில் குறை தேடாதீர்கள். அதையே நாலாம் தேதி அனுப்பிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பால் முடியாத ஒன்று, முன்பின் தெரியாதவரைக் கொண்டுவருவது. உங்களை யாருமே அறியாத நிலையில் தொடங்குகிறீர்கள் என்றால், அல்லது ஊரில் இருக்கும் ஆட்கள் போதவில்லை என்றால், அடுத்த வழிக்குப் போகத்தான் வேண்டும்.

முகநூல்: பக்கத்துத் தெருக்காரரும் கிள்ளானில் இருக்கும் ஊர்க்காரரும்

முகநூல் என்று பொதுவாகச் சொல்கிறோம், உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கடைக்கான பக்கம், ஊர்க் குழுக்கள், பதிவை அதிகம் பேருக்குக் காட்டச் சொல்லிக் காசு கொடுத்துச் செய்யும் பூஸ்ட். மூன்றுக்கும் பலன் வேறு.

பக்கம் மட்டும் திறந்து வைத்தால் யாரும் வரமாட்டார்கள். புதிய பக்கத்தின் பதிவுகளை முகநூல் மிகச் சிலருக்கே காட்டுகிறது. ஆனால் பக்கம் வேண்டியதுதான்: பெயரைத் தேடுகிறவர் அங்கே விலையையும் எண்ணையும் படங்களையும் பார்ப்பார், பார்த்தபின் நம்புவார். நாலைந்து நல்ல படம், தெளிவான விலை, வாட்ஸ்அப்புக்குப் போகும் பொத்தான். பக்கத்துக்கு இதுபோதும், தினம் பதிவு போட்டு உயிரை விடவேண்டாம்.

குழுக்களில்தான் வேலை நடக்கிறது. ஊரின் பெயரில் இருக்கும் பொதுக் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் மலாயில். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். லாசா, ஜாலோங் பக்கத்துத் தெமியார் பூர்வகுடி மக்களும் பெக்கானுக்கு வந்துதான் சாமான் வாங்குகிறார்கள். புல்வெட்டும் அண்ணன், டயர் கடை, லோரி வாடகை, கார் கழுவுமிடம் போன்ற தொழில்களுக்குத் தமிழர் மட்டும் வாடிக்கையாளராக இருந்தால் அடுப்பு எரியாது. அவர்கள் முதலில் மலாயில் நாலு வரி, பிறகு தமிழில் இரண்டு வரி என்று எழுதுவதே நல்லது. பழைய மாணவர் குழுக்களும், பேராக்கைவிட்டுப் போனவர்கள் கூடும் குழுக்களும் வேறு வகை. அங்கே தமிழில் எழுதுங்கள், ஊரின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். "மகாத்மா காந்தி கலாசாலையில் படிச்சவங்க யாராவது ஷா ஆலாமில் இருக்கீங்களா? தீபாவளிக்கு அந்தப் பக்கம் பலகாரம் அனுப்புறோம்" என்று ஒரு பதிவு போட்டால் எங்கெங்கிருந்தோ பதில் வரும். இப்படி வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை மறு வருடமும் வந்ததைக் கணக்கில் பார்க்கிறேன்.

குழுவில் பதிவு போடும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று விலை. "விலைக்கு பி.எம். தெப்பி", அதாவது விலையைத் தனிச்செய்தியில் கேளுங்கள், என்று எழுதும் பழக்கம் நம்மவர்களிடமும் பரவிவிட்டது. இணையத்தில் விற்கிறவர் முழு விலையையும் தொடர்பு விவரத்தையும் வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை. விலையை மறைத்துத் தனியாகச் சொல்வது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், விலை கேட்கக் கூச்சப்படுகிற வாடிக்கையாளர் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இன்னொன்று ஹலால். மலாய் வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. அதிகாரபூர்வச் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லையோ சின்னத்தையோ விளம்பரத்தில் போடுவது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். சேர்த்த பொருள்களை மட்டும் உள்ளபடி எழுதுங்கள்: அரிசிமாவு, உளுந்து, எள், சமையல் எண்ணெய். வாங்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

பூஸ்ட் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: வரைபடத்தில் நம் ஊரைக் குறித்து, சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவருக்குக் காட்டவேண்டும், என்ன வயது என்பதைக் குறிப்பிடலாம். இதைச் செய்யாமல் மலேசியா முழுவதும் என்று விட்டுவிட்டால், சபாவில் இருப்பவர் உங்கள் தையல் கடைப் படத்துக்கு விருப்பம் தெரிவிப்பார். உங்களுக்கு அதனால் என்ன பயன்? செலவையும் சரியாகப் பாருங்கள். மின்னிலக்கச் சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி. 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) விளம்பரம் செய்தால் 54 வெள்ளி போகும். ஒரு பாக்கெட் முறுக்கில் 4 வெள்ளி லாபம் நிற்கிறது என்று வையுங்கள். 14 பாக்கெட் விற்றால்தான் விளம்பரக் காசு கைக்குத் திரும்பும். அதற்கு மேல் விற்பதுதான் உங்களுடையது. கல்யாண மேடை அலங்காரம் மாதிரி ஓர் ஆர்டரிலேயே பெரிய தொகை வரும் தொழிலுக்கு இது தாங்கும். பத்து வெள்ளிப் பலகாரத்துக்குப் பெருநாள் சமயத்தைத் தவிர மற்ற நாளில் தாங்காது. பூஸ்ட் செய்வதென்றால், எந்தப் பதிவுக்குக் காசு போடாமலேயே ஆட்கள் கேள்வி கேட்டார்களோ அந்தப் பதிவுக்குச் செய்யுங்கள். யாரும் திரும்பிப் பார்க்காத பதிவைக் காசு கொடுத்துத் தூக்கி நிறுத்த முடியாது.

டிக்டாக்கும் இன்ஸ்டாகிராமும்

இளம் பிள்ளைகள் வற்புறுத்துவது இதைத்தான். டிக்டாக் ஒரு காணொளியை யாருக்குக் காட்டுகிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பவரின் ரசனை முடிவு செய்கிறது; அவர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்பதற்கு அங்கே முக்கியத்துவம் குறைவு. அதனால்தான் தமிழில் பேசி எடுத்த தையல் காணொளியைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். தைக்கிற அக்காவுக்கு மனசுக்குச் சந்தோஷம். ஆனால் அவர்களில் ஒருவர்கூடச் சுங்கை சிப்புட்டுக்கு ரவிக்கை அளவு கொடுக்க வரப்போவதில்லை.

அனுப்பக்கூடிய பொருளுக்கு நிலைமை மாறுகிறது. முறுக்கு, அச்சு முறுக்கு, மசாலாத் தூள், ஊறுகாய், அணிகலன், பொட்டலமாகக் கட்டக்கூடிய எதுவானாலும் சரி, காணொளியின் தூரம் இங்கே லாபமாகிறது. மாவு பிழிவதும், எண்ணெயில் அது பொங்கி எழுவதும், பெட்டிக்குள் அடுக்குவதும் கண்ணுக்குப் பிடித்தமானவை. இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாக்கெட்டைத் தனியாகக் கூரியரில் அனுப்பினால் அனுப்பும் செலவே பாக்கெட் விலையை நெருங்கிவிடும். ஆறு பாக்கெட் கொண்ட பெட்டி என்று மட்டும் விற்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். முறுக்கு நொறுங்கும், அதனால் கட்டும் முறைக்கு நேரம் செலவழியுங்கள்; உடைந்து வந்த பெட்டியின் படமும் அதே டிக்டாக்கில்தான் வரும். டிக்டாக் ஷாப் வழியாக விற்றால் ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பிடிப்பார்கள். அந்த விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், விலை வைக்கும் அன்றைக்கு என்ன விகிதம் என்று பார்த்து அதையும் சேர்த்து வையுங்கள். லைவ் போடப் பொதுவாக ஆயிரம் பேராவது உங்களைப் பின்தொடரவேண்டும். இன்னொரு சங்கதி: வணிகக் கணக்கில் சினிமாப் பாட்டை இஷ்டத்துக்குப் பின்னணியில் போட முடியாது, வணிக அனுமதி உள்ள இசைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். பாட்டை நம்பி எடுத்த காணொளி ஊமையாகிவிடும். எண்ணெய் கொதிக்கும் சத்தமும் உங்கள் சொந்தக் குரலும் போதும்.

இன்ஸ்டாகிராமை நான் இந்த ஊரில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் சொல்வேன். மணப்பெண் அலங்காரம், மருதாணி, மேடை அலங்காரம், புகைப்படம் செய்கிறவர்களுக்கு. கல்யாணப் பெண்கள் இரண்டு மூன்று பேருடைய வேலையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தப் பக்கம் ஓர் ஆல்பமாக நிற்கும். மணப்பெண்ணின் படத்தைப் போடுவதற்கு முன் அவரையும் வீட்டாரையும் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் ஒரு படத்தால் உறவே முறிந்துபோகும்.

கூகள் மேப்ஸ்: யாரும் பேசாத வழி

சமூக ஊடகம் என்று இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். ஏர்கோனிலிருந்து தண்ணீர் ஒழுகும்போது யாரும் டிக்டாக் பார்க்கமாட்டார்கள். கூகளில் தேடுவார்கள், மேலே வரும் எண்ணுக்கு அழைப்பார்கள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே போகிறவர், டயர் வெடித்து நிற்கிறவர், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் இவர்களெல்லாம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை.

கூகள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடையைக் காணொளி எடுத்தோ வேறு வழியிலோ உறுதிப்படுத்தச் சொல்வார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் முகவரி வெளியே தெரியுமே என்று தயங்குகிறார்கள். முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குச் சேவை என்று மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. வேலை முடிந்த கையோடு, "அண்ணே, திருப்தின்னா கூகள்ல ரெண்டு வரி எழுதுங்க" என்று கேளுங்கள். நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் பத்து வருட அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கு ஒரு ரிவியூகூட இல்லை, நேற்று வந்தவருக்கு நாற்பது இருக்கிறது. காசு கொடுத்து ரிவியூ வாங்காதீர்கள், அது கூகள் விதிக்கே விரோதம்.

பேனர், இரவுச் சந்தை, கோயில்

இவற்றை இணையத்துக்கு எதிராக நிறுத்த நான் விரும்பவில்லை. பசார் மாலாமில் கடை போடுகிறவர் ஒரே ராத்திரியில் பொருளைச் சுவைக்கக் கொடுக்கிறார், எந்தக் காணொளியும் அதைச் செய்யாது. திருவிழா மலரில் ஒரு விளம்பரம், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிண்ணம் என்று கொடுப்பதும் ஊரில் பெயரை நிலைநிறுத்தும். எல்லாவற்றிலும் வாட்ஸ்அப் எண்ணும் கியூஆர் குறியும் பெரிதாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் யாருக்கு எது

தையல்காரருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் முதல் வேலை. தைத்த ரவிக்கையின் படத்தை ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும் என்பதால் வாரம் இரண்டுமுறை போட்டாலும் யாருக்கும் தொல்லையில்லை. முகநூல் பக்கம் ஒன்று இருக்கட்டும். டிக்டாக்குக்குச் செலவழிக்கும் நேரத்தில் இன்னொரு ரவிக்கையைத் தைத்துவிடலாம். கையால் செய்யும் தொழிலில் நேரம்தான் முதல், அதைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். பொழுதுபோக்காகச் செய்ய ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், வியாபாரச் செலவில் அதைச் சேர்க்காதீர்கள்.

பலகாரக்காரருக்குப் பதில் இரண்டு கட்டமாக வரும். உள்ளூரிலேயே செய்வதெல்லாம் விற்றுத் தீருகிறது என்றால் வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கைகளால் எவ்வளவு பிழியமுடியுமோ அவ்வளவுதான் பிழியமுடியும். கைக்கு உதவி ஆள் இருந்து, செய்வது மிஞ்சுகிறது என்றால் முகநூலில் ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடுங்கள். அதன்பிறகுதான் டிக்டாக். ஆட்கள் பெருகுவதற்கு முன் டைபாய்டு ஊசியும் உணவு கையாள்வோர் பயிற்சியும் முடிந்திருக்கவேண்டும்; 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் அதைக் கேட்கின்றன. சமையலறையைக் காணொளியில் காட்டும்போது ஊர் முழுக்க அதைத்தான் பார்க்கும்.

ஏர்கோன், மின்சாரம், குழாய், மோட்டார் வேலை செய்கிறவர்களுக்குக் கூகள் முதலில், ஊர்க் குழு இரண்டாவது. மூன்றாவதாக எதுவும் தேவைப்படாது என்பது என் கருத்து.

எந்த வழியானாலும் வணிகப் பதிவு செய்துவிடுங்கள். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதியவேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பிறகு அரசின் சிறுகடன் அமைப்பான தெக்குன் இந்திய வியாபாரிகளுக்குத் தரும் ஸ்புமி கடன் மாதிரி எதற்காவது மனுச் செய்யும்போது முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். கைப்பேசியில் இதையெல்லாம் செய்யத் தெரியாதவர்கள், பக்கத்தில் அரசின் நாடி இணைய மையம் இருந்தால் போய்க் கேளுங்கள். முன்பு பெடி என்று சொன்னோமே, அதுதான். சிறு வியாபாரிகளுக்கு இணைய விற்பனை சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலை.

வியாபார எண் இப்போது உங்கள் கடையின் கதவு. யாராவது அழைத்து, "ஆறு இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். சொன்ன மறுநிமிடம் உங்கள் வாட்ஸ்அப் அவர் கையில் இருக்கும், உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் கடன் கேட்பார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள். பணம் அனுப்பியதாக வரும் ரசீதுப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து காசு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏமாற்றி உங்கள் கணக்கிலிருந்து காசை எடுத்துவிட்டார்கள் என்றால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-க்கு அழையுங்கள்.

கடைசியாக, ஆர்டர் எழுதும் புத்தகத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: "எப்படித் தெரிந்து வந்தார்". கேட்பதற்கு ஒரு நொடிதான் ஆகும், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு சம்பள வாரம் முடிந்தபின் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசி காட்டுவதை அப்போது பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒருமுறைகூட வராத செயலியை நிறுத்திவிடுங்கள், ஆளை அனுப்பிவைத்ததாக ஒரு மாமியின் பெயர் ஏழு முறை வந்திருந்தால் தீபாவளிக்கு மாமி வீட்டுக்கு ஒரு பெட்டி முறுக்கு அனுப்புங்கள்.